மே மாதத்தில் பார்த்த வீடு

ரத்னவேலின் எழுத்தை இருபத்திரண்டு வருடமாக விடாமல் வாங்கிக்கொண்டது நீல நிறக் குப்பைத் தொட்டி ஒன்றுதான். சிங்கப்பூரில் எந்த அடுக்குமாடிப் புளோக்கிலும் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற தூரத்தில் அதை வைத்திருப்பார்கள். வீட்டு ஏஜெண்டுகள் காலையில் பெட்டிகளில் நோட்டீஸைச் செருகுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்கள் பெட்டியைத் திறந்து, எடுத்து, பார்க்காமலே தொட்டியில் போடுவார்கள். 'உங்கள் புளோக்கில் வீடு வாங்க என்னிடம் ஆள் தயாராக இருக்கிறார்' என்பது ரத்னவேலின் வாசகம். அப்படி ஓர் ஆள் என்றைக்கும் தயாராக இருந்ததில்லை. எல்லா ஏஜெண்டும் சொல்கிற பொய்தான் அது. அதற்காக ஒருத்தர் மட்டும் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் போன வருடம் முழுக்க ஒரு வீடுகூட முடியவில்லை. ஏஜெண்டு லைசென்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற நேரத்தில் மனைவி சரஸ்வதி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு வருஷம் பாருங்க. அடுத்த டிசம்பருக்குள்ள ஒண்ணாவது முடியலன்னா லைசென்ஸ மறந்துருங்க. சாங்கி ஏர்போர்ட்டுல கார்கோவுக்கு ஆள் எடுக்கறாங்களாம், எங்க அண்ணன் சொன்னாரு."

"உங்க அண்ணன்கிட்ட நான் போய் வேல கேக்கணுமா?"

"கேக்கவே வேணாம். அவரே குடுக்கறேங்கறாரு."

அது இன்னும் மோசம். மைத்துனர் மருதப்பன் விமானச் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். தீபாவளிக்குத் தீபாவளி, பலகாரத் தட்டை நீட்டும்போதே "என்ன மாப்ள, இன்னும் அடுத்தவன் வீட்டத்தான் காட்டிட்டு இருக்கியா" என்று கேட்கிறவர். அவருக்குக் கீழே, ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் நிற்பதை நினைத்தால் ரத்னவேலுக்குச் சோறு இறங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்ல முடியும்.

ஜனவரியில் ஒரு நாள், லிட்டில் இந்தியாவில் டெக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புளோக்கில் அவர் நோட்டீஸ் செருகிக்கொண்டிருந்தார். நாலாம் மாடி பிரிஜட் வந்து தன் பெட்டியைத் திறந்தார். எழுபத்தொரு வயது. முப்பத்தைந்து வருடம் பிரசவ வார்டில் நர்ஸ். ஓய்வு பெற்று வெகு நாளாகியும் புளோக்கே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். பெட்டிக்குள் மூன்று காகிதம் இருந்தது. ரத்னவேலின் நோட்டீஸ் தொட்டிக்குப் போனது. பீட்சா நோட்டீஸ் தொட்டிக்குப் போனது. மூன்றாவதை மிஸ்ஸி அங்கேயே நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிரித்தார். பக்கத்தைத் திருப்பினார்.

"மக லெட்டரா மிஸ்ஸி?"

"வீட்டு ஏஜெண்ட் நோட்டீஸ்."

ரத்னவேலுக்குச் சுருக்கென்றது. "எந்த ஏஜெண்ட்?"

"இங்கிலாந்துக்காரன். ஜோவன்னா வீடு வாங்கினாளே, அந்த ஊரு ஆளு. மூணு மாசத்துக்கு ஒருக்கா எழுதுவான். மேல வா, டீ போடறேன். எப்படி எழுதறதுன்னு நீயும்தான் பாரேன்."

மிஸ்ஸியின் ஒரே மகள் ஜோவன்னா வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். டிராக்டர் ரிப்பேர் செய்கிற வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அம்மாவும் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டைப் பார்த்துக்கொண்டு வந்துவிடட்டும் என்று ஏஜெண்டிடம் சிங்கப்பூர் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். இரண்டு வருடத்துக் கடிதங்களை மிஸ்ஸி பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார்.

ரத்னவேல் பள்ளி இறுதி ஓ நிலைத் தேர்வில் ஆங்கிலத்தை மூன்றாவது தடவையில் தாண்டியவர். கைப்பேசியில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். வசந்தகாலக் கடிதத்தில், மேட்டுப் பண்ணையில் ஒரே ராத்திரியில் பதினொரு ஆட்டுக்குட்டி பிறந்ததும், காட்டுக்குள் தரை தெரியாமல் நீலப் பூ பூத்ததும் இருந்தது. கோடையில் ஊர்த் திருவிழா. பெரிய பூசணிக்குப் பரிசு, அதில் இரண்டு கிழவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. இலையுதிர் காலத்தில் ஆப்பிள், சேறு, வேலிச் செடியை யார் வெட்டுவது என்ற தகராறு. குளிர்காலத்தில் பனி மூடிய பாதை, தேவாலயத்தில் உறைந்துபோன குழாய். வீடு விற்பனை என்று பார்த்தால் கடைசியில் நாலே வரி.

"ஆட்டுக்குட்டி பொறந்தத எல்லாம் எழுதறான் மிஸ்ஸி. நம்ம டெக்காவுல ஆடு கொக்கியில தொங்கும்போதுதான் நமக்கே தகவல் வருது."

"அது கெடக்கட்டும். இதப் படி."

ஒரு மில் வீட்டைப் பற்றிய வரி. 'இந்த வீட்டுச் சமையலறையில் பிப்ரவரியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நானே பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன்.'

"விக்க வேண்டியவனே எழுதறான் பாரு, ஒளிவு மறைவில்லாம. அதான் நான் படிக்கறேன். உன்னோடத ஏன் படிக்கணும்? யாரோ ஆள் தயாரா இருக்கான்ங்கற. இருபது வருஷமா தயாராவறான் லா அவன்."

ரத்னவேல் டீயைக் குடித்தார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆற்றோரத்தில் சின்னக் கல் வீடு, வாசல் வளைவு முழுக்க ரோஜா. இரண்டு வருடம் முன்னால் மே மாதத்தில் மிஸ்ஸி மூன்று வாரம் போய் இருந்தபோது எடுத்தது. தினம் ஜெபம் சொல்வது மாதிரி அந்தப் படத்தையும் அவர் ஒரு தடவை பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் சரஸ்வதியிடம் சொன்னார். "நானும் பருவத்துக்குப் பருவம் ஒரு லெட்டர் போடப் போறேன்."

"நமக்கு ஏது பருவம்? ஏர்கான் போட்ட பருவம், ஏர்கான் போடாத பருவம். ரெண்டுதான்."

அது உண்மைதான். ஆனாலும் உட்கார்ந்து யோசித்தால் இல்லாமல் போகவில்லை. பொங்கலுக்குப் பக்கத்துக் கேம்பல் லேனில் மாடும் கன்றும் கொண்டுவந்து கட்டுவார்கள். ஆறாம் மாதம் டுரியான் பழம். எட்டாம் மாதம் சீனர்களின் பேய் மாதம். பிறகு தீபாவளி விளக்கு, வருடக் கடைசியில் அடைமழை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தனக்குத் தெரிந்த ஆங்கிலம் என்று முதல் கடிதத்தை எழுதினார். தலைப்பில் 'நம்ம புளோக் பருவ மடல்' என்றும், கீழே கட்டம் கட்டி 'இதில் எதையும் ஒளித்து எழுதமாட்டேன்' என்றும் போட்டார்.

பொங்கல் மடலில் எழுதினார்: 'கேம்பல் லேனுக்கு இந்த வருடம் நாலு மாடு வந்தது. அதில் ஒன்று மூன்றாம் மாடி சம்சுன்னிசா அக்காவின் பசார் பையிலிருந்த கீரைக்கட்டைச் சாப்பிட்டது. அக்கா மாட்டுக்காரரிடம் வேறு கட்டு வாங்காமல் நகரவில்லை. நம் புளோக் லிஃப்ட் இரண்டாம் மாடியில் ஒரு குலுக்கு குலுக்கும், பயப்படாதீர்கள். மேற்குப் பார்த்த வீடு வாங்க நினைப்பவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாருங்கள். காலையில் எந்த வீடும் நல்ல வீடுதான்.'

அன்று சாயங்காலம் தொட்டியில் பீட்சா நோட்டீஸ் மட்டும் கிடந்தது.

அதற்குப் பிறகு ரத்னவேலின் நடை மெதுவாகிவிட்டது. பத்தடிக்கு ஒருத்தர் நிறுத்தினார்கள். சம்சுன்னிசா கீரை விஷயத்துக்குச் சண்டை போட வந்து, மகன் உமைரின் கல்யாணச் செய்தியைக் கொடுத்துவிட்டுப் போனார். டுரியான் மடலில் அது வந்தது: 'மூன்றாம் மாடி உமைருக்கும் அனமுக்கும் அடுத்த மார்ச் கடைசியில் கல்யாணம். அவர்கள் அரசிடம் கேட்ட புது வீடு அடுத்த வருடம் அக்டோபரில்தான் கிடைக்குமாம். அதுவரை மருமகள் எங்கே இருப்பாள் என்பது மாமியாருக்கே இன்னும் தெரியவில்லை.'

இங்கிலாந்துக் கிராமத்துப் பூசணிப் போட்டியைப் பார்த்து, நடைபாதை மிளகாய்ச் செடிப் போட்டி ஒன்றும் நடத்தினார். ஒன்பதாம் மாடிக்காரர் கொண்டுவந்த செடியில் நாற்பது பழம். செடித் தொட்டியின் அடியில் நர்சரியின் விலைச் சீட்டும் இருந்தது. மடல் அதையும் சொன்னது. இங்கேயும் இரண்டு பேருக்குள் பேச்சு நின்றது. ரத்னவேலுக்கு உள்ளூரத் திருப்திதான், புளோக்கும் ஓர் ஊராகிவிட்டது என்று.

ஒரே ஒரு குறை. வீடு விற்க ஒருத்தரும் வரவில்லை. ஏழாம் மாடிக்காரர் ஒருவர், விற்கிற யோசனையில் இருந்தவர்தான், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க பேப்பரப் படிச்சப்புறம் இந்த எடத்த விட்டுப் போக மனசே வரல லா."

"சந்தோஷம்ணே" என்றார் ரத்னவேல். அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தோஷம் தெரிந்திருக்காது.

பேய் மாதம் ஒரு வீடும் அசையாமல் போனது. அந்த மாதம் புது வீட்டில் கால் வைக்கக்கூடாது என்று சீனர்கள் வாங்கமாட்டார்கள். சீனர்களுக்குத்தான் அந்தக் கணக்கு, ஆனால் ரத்னவேலைத் தமிழர்களும் கூப்பிடவில்லை. செப்டம்பரில், மருதப்பன் கிடங்கு வேலைக்கான ஃபாரத்தையே கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன வாரத்தில், மிஸ்ஸி போன் பண்ணினார்.

"ரத்னம், வீட்ட வித்துரு. கிறிஸ்மஸுக்கு முன்னால போயிடறேன். அந்த ஆத்தோரத்து வீடு விலைக்கு வந்திருக்காம்."

ரத்னவேல் சந்தோஷத்தில் மூன்று நாள் நன்றாகத் தூங்கினார். நாலாவது நாள் வேலை தொடங்கியது. அரசு வீடுகளில் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று ஓர் அளவு உண்டு. அந்தப் புளோக்கில் சீனர்களின் அளவு நிறைந்திருந்தது. ஆகவே வாங்க வருகிறவர் தமிழராகவோ மலாய்க்காரராகவோ இருக்க வேண்டும், டெக்கா கூட்டத்துக்கு அஞ்சாதவராக இருக்க வேண்டும், மிஸ்ஸியின் வீடு மேற்குப் பார்த்தது என்பதால் வெயிலுக்கும் அஞ்சாதவராக இருக்க வேண்டும். ஐந்து பேர் நாலு மணிக்கு வந்தார்கள். ஐந்து பேரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஆறாவதாக ஜூரோங்கிலிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது. எப்போது வரலாம் என்று கேட்டார்கள்.

ரத்னவேல் டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஃபாரத்தைப் பார்த்தார்.

"காலையில பத்து மணிக்கு வாங்க" என்றார்.

பத்து மணிக்கு அந்த வீடு சில்லென்று இருந்தது. காற்று வந்தது. நடைபாதைக் கறிவேப்பிலைச் செடி ஆடியது. ஜூரோங் அம்மாவுக்கு ஜன்னலை விட்டு வர மனமில்லை. அடுத்த சனிக்கிழமை முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் மழை கொஞ்சம் விட்டிருந்த மத்தியானத்தில், மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டார். மிஸ்ஸிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, இரண்டு வாரத்துக்குப் படிக்கக்கூடாது.

"குளிர்கால லெட்டர் வந்திருக்கு. படிச்சுச் சொல்லு. என் வீட்டப் பத்தி எழுதியிருப்பான்."

ரத்னவேல் படித்தார். பஃபூன் வேஷம் போட்ட நாய், பனியில் வழுக்கிய பால்காரர் எல்லாம் வந்து போனார்கள். மிஸ்ஸி சிரித்தார். பிறகு ஆற்றோர வீடு வந்தது. ரத்னவேல் முதலில் மனதுக்குள் படித்தார்.

'இந்த வீட்டை நான் ஒன்பது வருடத்தில் மூன்று முறை விற்றிருக்கிறேன். மூன்று பேருமே அதை மே மாதத்தில் பார்த்து ஆசைப்பட்டவர்கள். மூன்று பேருமே ஜனவரியில் என்னைக் கூப்பிட்டவர்கள். வியாழக்கிழமை பஸ்ஸும் இப்போது நின்றுவிட்டது. கத்தோலிக்கப் பூசை ஈஸ்டர் வரை மாதம் ஒரு தடவைதான். வாங்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து ஒரு ஜனவரிச் சாயங்காலம் வந்து பாருங்கள்.'

"என்ன, நின்னுட்ட?"

"எழுத்து பொடியா இருக்கு மிஸ்ஸி." காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஆத்தோரத்துக் கல் வீடு விலைக்கு வந்திருக்கு, ரெண்டு ரூம்பு, தோட்டம் உண்டு. அவ்வளவுதான் போட்டிருக்கான்."

"அவ்வளவுதானா? இந்தத் தடவ கஞ்சத்தனமா எழுதிட்டானே."

"கிறிஸ்மஸ் வேலை இருக்கும் மிஸ்ஸி" என்று எழுந்துவிட்டார்.

லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து நின்றிருந்தது. படியில் இறங்கினார். மூன்றாம் மாடியில் சம்சுன்னிசா முறுக்கிய துணியோடு வழியை மறித்தார்.

"தம்பி, வர்ற பொண்ண வாஷிங் மெஷின் பக்கத்துலதான் படுக்க வைக்கணும் போலருக்கு. ஆறு மாசத்துக்கு எவன் வீடு குடுப்பான்? எல்லாவனும் ரெண்டு வருஷம் கேக்கறான்."

"பாக்கலாம்கா, பாக்கலாம்கா" என்று ஒதுங்கிக் கீழே வந்தார்.

தபால் பெட்டிகளுக்கு மேலே யாரோ அவருடைய பொங்கல் மடலைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். 'ஒளித்து எழுதமாட்டேன்' என்று கட்டம் கட்டிய வரி பளிச்சென்று தெரிந்தது. அதற்கு மேலே நாலு மணி, அதற்கும் மேலே மாடு. ரத்னவேல் தன் எழுத்தையே யாரோ எழுதியது மாதிரி நின்று படித்தார். அங்கே ஒருத்தன் மே மாதத்தில் காட்டி விற்றதை ஊரறிய ஒப்புக்கொள்கிறான். இங்கே ஒருத்தர் பத்து மணிக்குக் காட்டினதோடு, அவன் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து விழுங்கிவிட்டார். மிஸ்ஸி கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். இந்த வயதில் திரும்பி வந்து டெக்காவில் இன்னொரு வீடு வாங்க அவரால் ஆகாது.

ஒளிரும் மஞ்சள் சட்டையை ஒரு தடவை நினைத்துக்கொண்டார். அளவு எக்ஸ்எல் ஆகத்தான் இருக்கும். பிறகு நாலு மாடி ஏறினார். மூன்றாம் மாடியில் சம்சுன்னிசா, "என்ன தம்பி, மறந்துட்டியா?" என்று கேட்டதற்கு, "ஆமாக்கா, ஒரு பாராவ" என்றார்.

மிஸ்ஸி கதவைத் திறந்தார். ரத்னவேல் மூச்சு வாங்க, நின்றபடியே அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னார். பஸ், பூசை, ஜனவரி, எல்லாம். சொல்லி முடித்த வேகத்தில், "உங்க வீட்ட நானும் பத்து மணிக்குத்தான் காட்டினேன் மிஸ்ஸி" என்பதையும் சொல்லிவிட்டார்.

மிஸ்ஸி கறுப்புக் கண்ணாடியோடு ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். படம் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

"மே மாசத்துல ரொம்ப அழகா இருந்துச்சு ரத்னம்."

"இருக்கும் மிஸ்ஸி."

"ஜோவன்னா வீடியோவுல கூப்பிடறப்ப எல்லாம் அவ ஜன்னல் வெளிய இருட்டாத்தான் இருக்கும். நான் கேக்கவே இல்ல பாரு. பூச மாசத்துக்கு ஒண்ணாம். இங்க ஓஃபியர் ரோட்டு மாதா கோயில்ல நான் ஒரு ஞாயிறு போவலன்னா நாலு பேர் போன் பண்ணுவாங்க." சொட்டு மருந்தைத் தடவி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் விக்கல. ஏப்ரல்ல போறேன், குளிருக்கு முன்னால திரும்பி வர்றேன். மக வீட்டு முன் ரூம்புல ஆறு மாசம் படுத்துக்கறேன். அவ என்ன தொரத்தவா போறா."

"சரி மிஸ்ஸி."

ரத்னவேல் வாசலுக்கு வந்தார். அவருக்குச் சாங்கி தெரிந்தது. சரக்குப் பெட்டிகள் தெரிந்தன. மருதப்பனின் பலகாரத் தட்டு தெரிந்தது. செருப்பை மாட்டும்போது மிஸ்ஸி உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆறு மாசம் வீடு சும்மாவா கெடக்கும்?"

"பூட்டித்தான் வைக்கணும்."

"கீழ சம்சுன்னிசா மருமகளுக்கு எடமில்லாம பொலம்பறாளே. மார்ச் கடைசில கல்யாணம், அக்டோபர்ல புது வீடு. நீதானே எழுதின? உன் பேப்பர நீ படிக்கறதில்லையா லா?"

ரத்னவேல் ஒரு செருப்போடு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த அக்கா இவர் காதிலேயே கத்தினார். வாடகைக்கு முடித்தாலும் முடித்ததுதான். அதற்கும் ஏஜெண்டு வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், அதுவும் ஏஜெண்டு கம்பெனியில் பதிவாகும்.

ஜூரோங் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் ஐந்து நிமிடம் பேசினார். அதில் எதுவும் மடலில் போடுகிற மாதிரி இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் உமைரும் அனமும் வீடு பார்க்கக் கேட்டார்கள். காலையில் வருகிறோம் என்றான் உமைர். கூடாது என்றுவிட்டார் ரத்னவேல். அடைமழைக்கு நடுவே வெயில் அடிக்கிற ஒரு நாளுக்காக ஐந்து நாள் காத்திருந்து, சரியாக நாலு மணிக்கு வரச் சொன்னார். ஹாலில் வெயில் சுவர் வரைக்கும் வந்து படுத்திருந்தது. உமைரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"நல்லாப் பாத்துக்க. மூணரையிலேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும் இப்படித்தான்."

"ஹாட்டாதான் இருக்கு அங்கிள்" என்றாள் அனம். "கர்ட்டன் போட்டா ஓகே லா. வாஷிங் மெஷின் இந்த ரூம்புல இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப சைன் பண்ணலாம்."

மிஸ்ஸி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கறிவேப்பிலைச் செடிக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும், பறிக்க வருகிறவர்களைத் தடுக்கக்கூடாது. ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ரத்னவேல் லைசென்ஸைப் புதுப்பித்தார். சரஸ்வதி டிவிக்குப் பக்கத்தில் இருந்த ஃபாரத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதினாள்.

"ஒண்ணுன்னுதான சொன்ன? வாடகையும் ஒண்ணுதான்" என்றார் அவர்.

"நான் ஒண்ணும் சொல்லல. எங்க அண்ணன்தான் சட்டையே வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

அடைமழை மடலில் கடைசி நாலு வரி இப்படி இருந்தது: 'இந்தப் பருவத்தில் விற்ற வீடு ஏதுமில்லை. வாடகைக்குப் போனது ஒன்று, நாலாம் மாடி, மேற்கு. மிஸ்ஸி ஏப்ரலில் இங்கிலாந்துக்குப் போய் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துவிட்டு, குளிருக்கு முன்னால் திரும்புவார். என்னிடம் சாங்கி கிடங்கு மஞ்சள் சட்டை ஒன்று இருக்கிறது, எக்ஸ்எல், பிரிக்காதது. வேண்டுபவர்கள் சொல்லவும்.'